கிதாரும் அதைச் செய்த கையும்

கிதார் பயிலத் தொடங்கும் மாணவர் எவரும் ஆறு திங்களுக்குள் ஒரு வினாவிற்கு வந்து சேருகின்றனர். "யார் செய்த கிதார் சிறந்தது?" என்பதே அவ்வினா. நம் மன்றத்திலும் கிதார் வாசிப்போர் தொகை ஆண்டுதோறும் பெருகி வருகின்றது. அதனோடு இவ்வினாவும் பெருகி வருகின்றது. ஒருவர் மார்ட்டின் என்பார். மற்றொருவர் டெய்லர் என்பார். மூன்றாமவர் கிப்சனுக்கு நிகர் உண்டோ என்பார். மூவருள் ஒருவரும் தாம் புகழும் கிதாரைக் கையில் எடுத்து வாசித்ததில்லை என்பது பேச்சின் நடுவில் தெரியவரும்! பெயர் முன்னே வருகின்றது. ஓசை பின்னே வருகின்றது. உலகில் பெயர் பெற்ற கலைஞர்கள் தமக்குரிய கருவியாளரை இவ்வாறுதான் கண்டனரா, வேறு வழியில் கண்டனரா என்பதை இங்கு ஆராய விரும்புகின்றேன். மின்சாரக் கிதாரைப் பற்றி இங்குப் பேச்சில்லை. மரமும் காற்றும் கொண்டு ஒலிக்கும் கிதாரைப் பற்றியே எழுதுகின்றேன்.

இது வெறும் பொழுதுபோக்கு ஆராய்ச்சி அன்று. நம்மில் பெரும்பாலோர் உதவித்தொகையை நம்பிக் கல்கத்தாவில் காலம் தள்ளுபவர்கள். ஒரு நல்ல கிதார் வாங்குவதென்றால் பல மாதச் சிற்றுண்டியை மறக்க வேண்டும். அத்தனை பொருளையும் பெயருக்குக் கொடுக்கிறோமா, ஓசைக்குக் கொடுக்கிறோமா என்று தெரிந்துகொள்வது நல்லது.

முதலில் சொற்களைப் பற்றி ஒரு சொல். கிதாரின் உறுப்புகளுக்கு நம் வீணைக்காரர் வழங்கும் பெயர்களையே எடுத்துக்கொள்கின்றேன். தந்தியைத் தாங்கி அதன் அதிர்வைப் பலகைக்குக் கடத்துவது குதிரை. மறுமுனையில் தந்தி படியும் சிறு கட்டை மேரு. விரல் அழுத்தும் இடங்களைப் பிரிப்பவை மெட்டுகள். முறுக்கிச் சுருதி கூட்டுவது பிருடை. வீணையின் மெட்டுகள் மெழுகிற் பதிந்தவை. கிதாரின் மெட்டுகள் மரத்தில் அறையப்பட்டவை. மற்றபடி இரண்டும் நெருங்கிய உறவினரே.

தந்தி மிக மெல்லியது. அது தனியே நின்று காற்றை அசைக்க வல்லதன்று. சுவரில் இரண்டு ஆணி அடித்து ஒரு தந்தியைக் கட்டி மீட்டிப் பாருங்கள். ஓசை பக்கத்து நாற்காலிக்கும் எட்டாது. தந்தியின் அதிர்வு குதிரை வழியே மேற்பலகைக்கு இறங்கி, அந்தப் பலகை அகன்று நின்று காற்றைத் தள்ளும்போதுதான் கூடத்தில் இசை பிறக்கின்றது. உள்ளே அடைபட்ட காற்றும் ஏறத்தாழ 100 ஹெர்ட்ஸ் அளவில் தானே முழங்கித் தாழ்ந்த சுரங்களுக்குத் துணை நிற்கின்றது. ஆகவே, மேற்பலகை எவ்வளவு மெல்லியதாக இருக்கின்றதோ அவ்வளவு எளிதில் அசையும்.

ஆனால் இங்கேதான் சிக்கல். எஃகுத் தந்தி ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோகிராம் அளவிற்கு அப்பலகையை இழுக்கின்றன. நன்கு உண்ட ஒரு மாணவர் இரவும் பகலும் குதிரையின்மேல் தொங்கிக்கொண்டிருப்பதாக எண்ணிக்கொள்ளலாம். பலகையின் கனமோ மூன்று மில்லிமீட்டர் அளவுதான். மெலிந்தால் நன்றாக ஒலிக்கும், ஆனால் வளைந்து உடையும். தடித்தால் நிலைத்து நிற்கும், ஆனால் ஊமையாகும். இந்த இரண்டிற்கும் நடுவே பலகையின் உட்புறத்தில் மெல்லிய மரச்சட்டங்களை ஒட்டி ஒவ்வொரு கருவியாளரும் தமக்கென ஒரு வழி காண்கின்றனர். அந்த வழியைத்தான் நாம் 'அவர் கை' என்கின்றோம். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்குப் பளபளப்பும் சித்திர வேலையும் தெரியும், கை தெரியாது. கேட்டால்தான் தெரியும்.

இதனை முதலில் உலகிற்கு நன்கு விளக்கியவர் ஸ்பெயின் நாட்டு அந்தோனியோ தெ தோரெஸ். 1817 ஆம் ஆண்டில் அல்மெரியாவை அடுத்த ஒரு சிற்றூரில் பிறந்தவர். செவில் நகரில் கடை வைத்துப் புகழ் பெற்றவர். கிதாரின் உடலைப் பெரிதாக்கினார், மேற்பலகையை மெலிவித்தார், அதன் கீழே விசிறி விரித்தாற்போல ஏழு சட்டங்களை அமைத்தார். நாம் இன்று நரம்புக் கிதார் என்று காண்பது பெரும்பாலும் அவர் வகுத்த வடிவமே. 1862 ஆம் ஆண்டில் அவர் ஒரு விந்தை செய்தார். மேற்பலகையை மட்டும் நல்ல மரத்தால் செய்து, பக்கங்களையும் பின்புறத்தையும் காகித அட்டையால் செய்து ஒரு கிதாரை ஆக்கினார். ஓசையின் உயிர் மேற்பலகையிலே உள்ளது என்பதை வாயால் வாதிடாமல் கையால் வாதிட்டார். அந்த அட்டைக் கிதார் பார்சிலோனாவின் இசை அருங்காட்சியகத்தில் உள்ளது.

அவரைத் தேடிச் சென்றவர்களுள் ஒருவர் பிரான்சிஸ்கோ தாரெகா. 1869 இல் தாரெகாவிற்கு வயது பதினேழு. செல்வமுள்ள ஒரு வணிகர் ஆதரித்து உடன் அழைத்துச் செல்ல, செவில் சென்று தோரெஸின் கடையில் ஏறினார். தோரெஸ் முதலில் ஓர் எளிய கிதாரை எடுத்துக் கொடுத்தார் என்றும், பையன் வாசிப்பதைக் கேட்டதும் அதை வாங்கி வைத்துவிட்டுத் தாம் சில ஆண்டுகட்கு முன் செய்து வைத்திருந்த மேலான ஒன்றைக் கொணர்ந்து கொடுத்தார் என்றும் சொல்வார்கள். இக்கதையில் எனக்குப் பிடித்த பகுதி ஒன்று உண்டு. நாம் கருவியாளரைத் தேடுகின்றோம் என்று எண்ணுகின்றோம். கருவியாளரும் வாசிப்பவரைத் தேடிக்கொண்டிருக்கின்றார். தாரெகா அக்கிதாரைத் தேய்ந்துபோகும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாசித்தார். தோரெஸ் என்ன செய்தார்? கிதார்த் தொழில் சோறு போடவில்லை போலும். அல்மெரியாவிற்குத் திரும்பிச் சில ஆண்டுகள் பீங்கான் கடை நடத்தினார்! பிறகுதான் மீண்டும் உளியைத் தொட்டார். 1892 இல் மறைந்தார்.

இனிச் செகோவியாவின் வரலாற்றைச் சற்று விரிவாகக் காண்போம். கலைஞரும் கருவியாளரும் ஒருவரையொருவர் கண்டடைவது ஒரு நாள் நிகழ்ச்சி அன்று என்பதை இதைவிட நன்றாகக் காட்டும் வரலாறு எனக்குத் தெரியாது.

ஆந்திரேஸ் செகோவியா 1893 இல் பிறந்தவர். 1912 ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் கச்சேரி செய்ய வேண்டியிருந்தது. கையில் தக்க கிதார் இல்லை. மானுவேல் ராமிரெஸ் என்னும் புகழ்மிக்க கருவியாளரின் கடைக்குச் சென்று ஒரு கிதாரை வாடகைக்குக் கேட்டார். பியானோவை வாடகைக்குக் கொடுப்பதில்லையா, கிதாரைக் கொடுத்தால் என்ன என்பது இளைஞரின் வாதம். கடைக்காரர் வியந்தார், வாசிக்கச் சொன்னார், கேட்டார், கிதாரை விலையின்றியே கொடுத்துவிட்டார். அக்கிதாரின் உள்ளே ஒட்டிய சீட்டில் ராமிரெஸ் பெயர் இருந்தாலும், கடையில் பணி செய்த சாந்தோஸ் எர்னாந்தெஸ் என்பவரே அதைச் செய்தவர் என்பர். சீட்டில் உள்ள பெயர் ஒன்று, உளி பிடித்த கை வேறொன்று என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள். இது ஸ்பெயினுக்கு மட்டும் உரிய வழக்கமன்று.

அக்கிதாரோடு செகோவியா 1924 இல் ஜெர்மனியின் மியூனிக் நகருக்குச் சென்றார். அங்கே எர்மன் ஹவுசர் என்னும் கருவியாளர் அதைக் கண்டார். ஹவுசர் அதுவரை ஸிதர் என்னும் கருவியும், வீயன்னா முறைக் கிதாரும் செய்து வந்தவர். ஸ்பெயின் நாட்டுக் கிதாரின் அளவுகளை எடுத்தார்; அதன் ஓசையை மனத்திலே பதித்துக்கொண்டார். தாம் கற்ற முறையை ஒதுக்கிவிட்டுப் புதிய முறையில் செய்யத் தொடங்கினார். ஒன்று செய்து செகோவியாவிடம் காட்டுவார். செகோவியா வாசித்துப் பார்த்துக் குறை சொல்வார். ஹவுசர் மீண்டும் செய்வார், மீண்டும் குறை. இப்படி ஓராண்டு ஈராண்டு அன்று, பதின்மூன்று ஆண்டுகள்! 1937 இல் செய்த கிதாரை வாசித்த பிறகே செகோவியா நிறைவு கொண்டார். தம் காலத்தின் தலைசிறந்த கிதார் இதுவே என்று அதைப் போற்றினார். ஏறத்தாழக் கால் நூற்றாண்டு, 1962 வரை, உலகமெங்கும் அதையே ஏந்திச் சென்றார். ராமிரெஸ் கடையின் கிதாரும் ஹவுசரின் கிதாரும் 1986 முதல் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தில் உள்ளன.

பதின்மூன்று ஆண்டுகள் குறை சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கேட்டுக்கொள்ளவும் தெரிந்திருக்க வேண்டும். செகோவியாவிற்கு என்ன வேண்டும் என்பது செகோவியாவிற்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. இதுதான் செய்தி. 'நல்ல ஓசை' என்று சொல்வது யாருக்கும் எளிது. முதல் தந்தி மேல் மெட்டுகளில் மெலிந்து போகின்றதா, நான்காம் தந்தி மற்றவற்றோடு சேராமல் தனித்து நிற்கின்றதா, மெல்ல மீட்டும்போதும் கடைசி வரிசைக்கு எட்டுகின்றதா என்று கேட்கத் தெரிந்தவருக்கே கருவியாளர் அகப்படுவார்.

இங்கிலாந்தில் ஜூலியன் பிரீம் என்னும் கலைஞர் வேறொரு வழி கண்டார். ஸ்பெயினிலிருந்து வந்து குடியேறிய மரவேலைக்காரர் ஒசே ரோமானில்லோஸ் என்பவரைத் தம் ஊர்ப்பக்கமே பட்டறை வைக்கச் செய்தார். அவர் 1973 இல் செய்த கிதாரைப் பிரீம் பல ஆண்டுகள் வாசித்தார். இந்த ரோமானில்லோஸ்தான் பின்னர்த் தோரெஸின் வரலாற்றையும் தேடி எழுதியவர். ஜான் வில்லியம்ஸ் என்பவரோ 1980களில் ஆஸ்திரேலியாவின் கிரெக் ஸ்மால்மன் பக்கம் சென்றார். ஸ்மால்மன் விசிறிச் சட்டங்களை விட்டு, பின்னல் தட்டிபோல மெல்லிய சட்டங்களைக் குறுக்கும் நெடுக்கும் அமைத்து, மேற்பலகையை மிகமிக மெலிவித்தவர். ஓசை பெரிது. "இது கிதாரே அன்று" என்று முகஞ்சுளிப்போரும் உண்டு; வில்லியம்ஸ் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரீமுக்கு உவந்தது வில்லியம்ஸுக்கு உவக்கவில்லை. இருவரும் ஒரே நாட்டில் ஒரே காலத்தில் வாழ்ந்து, இருவராகச் சேர்ந்து இசைத்தட்டும் கொடுத்தவர்கள்! சிறந்த கருவியாளர் ஒருவரே இருந்தால் இப்படி நேருமா?

எஃகுத் தந்திக் கிதாருக்கு வருவோம். இதில் மார்ட்டின் பெயரை விலக்கிவிட்டுப் பேச இயலாது. கிறிஸ்தியன் பிரெடெரிக் மார்ட்டின் 1796 இல் ஜெர்மனியின் மார்க்நாய்கிர்ஷன் என்னும் ஊரில் பிறந்தார். வீயன்னாவில் யோகன் ஸ்டாபர் என்னும் பெரியாரிடம் தொழில் கற்றார். ஊர் திரும்பினால் அங்கே ஒரு பூசல்: பிடில் செய்வோர் சங்கம், "பெட்டி அலமாரி செய்யும் தச்சர்கள் கிதார் செய்யக் கூடாது" என்று வழக்காடியது. மார்ட்டின் குடும்பத்தார் தச்சர் சங்கத்தைச் சேர்ந்தவர்கள். 1833 இல் மார்ட்டின் கப்பலேறி நியூயார்க் சென்றார்; சில ஆண்டுகளில் பென்சில்வேனியாவின் நாசரேத் என்னும் ஊரில் நிலைத்தார். உட்சட்டங்களைப் பெருக்கற்குறி வடிவில் குறுக்கே அமைக்கும் முறையை அவர் பட்டறை கையாண்டது. அப்போது தந்திகள் நரம்பினால் ஆனவை. பல்லாண்டுகள் கழிந்து எஃகுத் தந்தி வந்தபோது அதன் இழுப்பைத் தாங்க அம்முறையே ஏற்றதாயிற்று.

இங்கும் வாசிப்பவர் கருவியாளரைத் திருத்திய கதை ஒன்று உண்டு. 1929 இல் பெர்ரி பெக்டெல் என்னும் பாஞ்சோக் கலைஞர் நாசரேத்திற்கு வந்தார். அக்காலக் கிதார்களில் பன்னிரண்டாம் மெட்டிலேயே உடல் தொடங்கிவிடும். அதற்கு மேல் விரல் செல்லாது. நீண்ட கழுத்துடைய பாஞ்சோவில் பழகிய அவருக்கு அது போதவில்லை. பதினைந்து மெட்டு வெளியே இருக்க வேண்டும் என்றார். மார்ட்டின் பட்டறை பதினான்கு கொடுத்தது. பேரம் அவ்வளவுதான்! ஆனால் அந்தப் பதினான்கே பின்னர் எஃகுத் தந்திக் கிதாரின் பொது வழக்காகிவிட்டது. நம் விடுதியில் உள்ள கிதார்களை எடுத்து எண்ணிப் பாருங்கள். பெரும்பாலும் பதினான்கே இருக்கும்.

பெயரை மட்டும் நம்புவோர்க்கு இன்னொரு செய்தி. மார்ட்டின் பட்டறை தன் பெரிய கிதார்களில் உட்சட்டங்களைச் செதுக்கி மெலிவித்து வந்தது. வாசிப்போர் தடித்த தந்தி கட்டத் தொடங்கியதால், பலகை தாங்காதென்று 1944 இல் அதை நிறுத்திச் சட்டங்களைத் தடிப்பாகவே விட்டது. பழைய முறை 1976 இல்தான் மீண்டும் ஒரு வகையில் தோன்றியது. 1943 இல் செய்ததும் 1953 இல் செய்ததும் ஒரே பெயர், ஒரே எண், ஒரே தோற்றம், உள்ளே வேறு. ஆகவே, "மார்ட்டின் ஓசை எனக்குப் பிடிக்கும்" என்று ஒருவர் சொன்னால், "எந்த ஆண்டு மார்ட்டின்?" என்று கேட்பது குறும்பு ஆகாது.

இனி மரம். இந்தப் பகுதியை நீலகிரி, கோவைப் பக்கத்து நண்பர்கள் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டும். உயர்ந்த கிதார்களின் பின்பலகைக்கும் பக்கங்களுக்கும் பிரேசில் நாட்டு ஈட்டி மரமே நெடுங்காலம் பயன்பட்டது. 1960களின் இறுதியில் அந்நாட்டரசு அம்மரத்தை அறுக்காத கட்டையாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தது. மார்ட்டின் பட்டறை 1969 இல் இந்திய ஈட்டிக்கு மாறியது. இந்திய ஈட்டி என்பது நாம் தோதகத்தி என்றும் சொல்லும் மரம். மேற்குத் தொடர்ச்சி மலையில், நம் நீலகிரிச் சரிவுகளிலும் கேரள, கருநாடகக் காடுகளிலும் வளர்வது. நம் பாட்டன்மார் கட்டிலுக்கும் அலமாரிக்கும் விரும்பிய அதே மரம் அமெரிக்கக் கிதாரின் முதுகாயிற்று. 1992 இல் பிரேசில் ஈட்டியின் பன்னாட்டு வாணிகம் தடை செய்யப்பட்டது. 1994 இல் தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காப்பதற்கெனவே தனிச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 2017 இல் ஈட்டி இனம் முழுவதும் பன்னாட்டுக் கட்டுப்பாட்டிற்குள் வந்தது. கிதாரை நாடு விட்டு நாடு விற்பதற்கும் சீட்டுப் பெற வேண்டியதாயிற்று. 2019 இல் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு மட்டும் அதிலிருந்து விலக்குக் கிடைத்தது.

1969க்கு முன்னர்ச் செய்ததே கிதார், பின்னர்ச் செய்ததெல்லாம் குறைவு என்று ஒரு நம்பிக்கை வாசிப்போரிடையே ஊறிப்போயுள்ளது. பழைய கிதார்களின் விலை விண்ணை முட்டுவதற்கு இந்நம்பிக்கையும் ஒரு காரணம். இதை இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக அறிஞர்கள் ஆராய்ந்து 2018 இல் முடிவை வெளியிட்டனர். கைதேர்ந்த ஒரு கருவியாளரைக் கொண்டு ஆறு கிதார் செய்வித்தனர். எல்லாம் ஒரே அச்சு. பின்பலகையும் பக்கமும் மட்டும் வெவ்வேறு மரம்: பிரேசில் ஈட்டி, இந்திய ஈட்டி, மகோகனி, மேப்பிள், சபேலே, வால்நட் என்பன. 52 கிதார்க் கலைஞர்கள் எந்த மரம் என்று கண்ணுக்குத் தெரியாதபடி அவற்றை வாசித்து மதிப்பிட்டனர். விலை உயர்ந்த மரத்திற்கும் எளிய மரத்திற்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் அவர்களால் காண முடியவில்லை. தோரெஸ் அட்டையால் காட்டியதை இவர்கள் ஆய்வுக்கூடத்தில் காட்டினர் எனலாம். 1995 இல் கலிபோர்னியாவின் பாப் டெய்லரும் இதையே வேறு வகையில் காட்டினார். சரக்கு அடுக்கும் பழைய மரத்தட்டைப் பிரித்து, அந்தப் பலகையால் ஒரு கிதார் செய்து கண்காட்சியில் வைத்தார். ஆணித் துளைகள்கூட அதில் தெரியும்.

மரம் வேண்டாதது என்று நான் சொல்ல வரவில்லை. மேற்பலகை மரம் மிகவும் வேண்டியது. முழு மரத்திற்கும் ஒட்டுப்பலகைக்கும் ஓசையில் வேற்றுமை உண்டு. ஆனால் நீலகிரியிலிருந்து இன்னும் ஓர் ஈட்டி மரம் சாய வேண்டும் என்று நம் காது கட்டளையிடவில்லை. நம் கண்ணும் பெருமையுமே கட்டளையிடுகின்றன. இது என் துணிபு. மறுப்போர் அடுத்த இதழில் எழுதலாம்.

இந்திய நாட்டில் கிதார் வேறு வகையாகவும் வாழ்கின்றது. அதை மடியிற் கிடத்தி, மெட்டில் விரல் பதிக்காமல் உலோகத் தண்டால் வழுக்கி இராகம் இசைக்கும் முறையைப் பிரிஜ் பூஷண் காப்ரா இந்துஸ்தானி இசையில் நிலைநாட்டினார். விசுவமோகன் பட் அதன் மேல் பக்கத் தந்திகளும் சுருதித் தந்திகளும் ஏற்றி 'மோகன வீணை' என்று பெயரிட்டார். 1994 இல் கிராமி விருதும் பெற்றார். கடையில் தமக்கு வேண்டியது இல்லாதபோது இவர்கள் கருவியையே மாற்றிக்கொண்டனர். இதுவும் கருவியாளரைக் கண்டடையும் வழிகளுள் ஒன்றுதான். தஞ்சாவூரில் வீணை வாங்குவோர் ஆசாரியிடம் நேரே சென்று, பலாமரம் பார்த்து, ஒரே கட்டையில் குடைந்த ஏகாண்ட வீணையா ஒட்டு வீணையா என்று பேசி முடிவு செய்வதில்லையா? அங்கே பெயர்ப்பலகையைவிட ஆசாரியின் முகமே முன் நிற்கின்றது.

நம் விடுதிக்கு வருவோம். எனக்கு முதன்முதலில் வாய்த்த கிதார் என் மாமா பரிசாக அனுப்பியது. கண்ணைப் பறிக்கும் செந்நிறம். எங்கே செய்ததோ, உள்ளே சீட்டும் இல்லை. தந்திகள் மெட்டுகளுக்கு மேல் அவ்வளவு உயரத்தில் நின்றன. ஐந்து நிமிடம் வாசித்தால் விரல் நுனி எரியும். ஓராண்டு வாசித்தேன். பிறகு ரவீந்திர சரணியில், பழையவர்கள் சித்பூர் சாலை என்று சொல்லும் தெருவில், லால்பஜார் முனையிலுள்ள வாத்தியக் கடைகளுள் ஒன்றிற்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த முதியவர் தந்திகளைத் தளர்த்திக் குதிரையில் உள்ள எலும்புச் சட்டத்தை உருவி, அரத்தால் சற்றுத் தேய்த்து, மேருவின் பள்ளங்களையும் ஆழப்படுத்தித் திருப்பிக் கொடுத்தார். அரை மணி நேர வேலை. கிதாரே வேறாகிவிட்டது. ஓசை பெரிதாக உயரவில்லை. ஆனால் நான் வாசிப்பது உயர்ந்தது.

அதன் பின் ஒரு மாலை, பொது அறையில் போர்வையைத் திரையாகக் கட்டி, விடுதியிலிருந்த நான்கு கிதார்களை ஒருவரே ஒரே பாட்டை ஒரே வேகத்தில் வாசிக்க நாங்கள் கேட்டோம். அவற்றுள் ஒன்று வெளிநாட்டுப் பெயருடையது. ஒன்று கல்கத்தாவில் செய்த கிவ்சன். வெளிநாட்டுப் பெயரைத் தவிர வேறெதையும் கேட்க மாட்டேன் என்று சொல்லி வந்த பொறியியல் துறை அண்ணன், "இதுதான் அது, ஐயமே இல்லை" என்று கை தூக்கியது கிவ்சனுக்கு! திரையை விலக்கியதும் அவரே முதலில் சிரித்தார். "தம்பி, அந்தக் கிவ்சனை இன்னொரு முறை வாசி" என்றார். அது வெளிநாட்டுக் கிதாரைவிடச் சிறந்தது என்று இதனால் நிறுவிவிட முடியாது. நாலு பேர், ஒரு மாலை, ஒரு போர்வை. இதை ஆராய்ச்சி என்றால் என் பேராசிரியர் பொறுக்க மாட்டார். ஆனால் கண்ணை மூடியதும் நமக்குப் பிடித்தது மாறிவிட்டது என்பது மட்டும் உண்மை.

ஆகவே, கிதார் வாங்கச் செல்லும் அன்பருக்கு நான் சொல்லக்கூடியவை சில. தனியாகச் செல்லாதீர்கள், வாசிக்கத் தெரிந்த நண்பர் ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். அவர் வாசிக்க, நீங்கள் கடையின் மறுகோடியில் முதுகைத் திருப்பி நின்று கேளுங்கள். வாசிப்பவர் காதிற்கு விழும் ஓசை வேறு; எதிரில் இருப்பவர் காதிற்கு விழுவது வேறு. பிறகு நீங்கள் வாசியுங்கள். ஆறு தந்தியிலும் ஒவ்வொரு மெட்டையும் அழுத்தி, எங்கேனும் தந்தி மெட்டில் உரசி இரைகின்றதா என்று பாருங்கள். பன்னிரண்டாம் மெட்டில் அழுத்திய சுரமும் திறந்த தந்தியின் மேல் தாயியும் இணைகின்றனவா என்று கேளுங்கள். இணையாவிடில் வேறெந்தச் சிறப்பும் பயன் தராது. அதே இடத்தில் தந்திக்கும் மெட்டிற்கும் உள்ள இடைவெளி மூன்று மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் கை வருந்தும். குறைக்கலாமா என்று கடைக்காரரைக் கேளுங்கள். பாட்டிற்குத் துணையாக மீட்டுபவருக்குப் பெரிய உடல் பொருந்தும். விரலால் தனித்து வாசிப்பவருக்குச் சிறிய உடலே பெரும்பாலும் இனிக்கும். உங்களுக்குப் பிடித்த பாடகர் கையில் எது இருக்கின்றது என்பது இங்குப் பயன்படாது. அவர் கை வேறு. அவர் பாட்டு வேறு.

ஒரே பெயருடைய இரண்டு கிதார் கடையில் இருந்தால் இரண்டையும் வாசியுங்கள். மரம் மரத்திற்கு வேறுபடும். ஒன்று பேசும், மற்றது முணுமுணுக்கும். விலை ஒன்றே. இந்தச் சலுகையை வீட்டிலிருந்து தருவிப்பவர் பெற முடியாது.

கல்கத்தா மழைக்காலத்தில் வாங்குவோர் ஒன்றை மனத்தில் வைக்க வேண்டும். ஈரத்தை உறிஞ்சி மேற்பலகை சற்று உப்பும், குதிரை எழும்பும், தந்தி உயரும். சூலையில் உயரமாகத் தோன்றும் கிதார் திசம்பரில் சரியாக இருக்கலாம். முழு மரக் கிதாரை இங்கிருந்து தில்லிக் குளிருக்கு எடுத்துச் செல்வோர் பெட்டிக்குள் ஈரத்துணியைச் சிறு டப்பாவில் துளையிட்டு வைத்தால் பலகை வெடிக்காமல் இருக்கும். ரவீந்திர சரணிக்குக் காலையிலேயே செல்லுங்கள்; மாலையில் கூட்டம் சேர்ந்தால் எந்தக் கிதாரும் ஒன்றுபோலவே கேட்கும்.